மார்க் 2 அம்பாசடர்: இன்ஜின் வேலை முடிஞ்சும் மேலே டிக் டிக், கீழே டொக் டொக்

மேலுமலை_மார்க்2 (கிருஷ்ணகிரி)

வணக்கம். வண்டி அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். முழு இன்ஜின் வேலை முடிஞ்சு 300 கிமீ ஓடியிருக்கு.

செஞ்சது: போர் (சிலிண்டர் ஓட்டை) 40 தவ் (ஒரு தவ் = அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசாக்கி புது பிஸ்டன், ரிங், கிராங்க் 20 தவ் கிரைண்டிங், மெயினுக்கும் (கிராங்கை பிளாக்கில் தாங்குற பேரிங்) பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற பெரிய முனை) புது ஷெல் (பேரிங்கின் ரெண்டு பாதித் தகடு), வால்வு, கைடு, சீட் வேலை, புது டைமிங் செயின். ஹெட் லேசா சர்ஃபேஸ் பண்ணியிருக்கு. கேம்ஷாஃப்ட், ராக்கர் (வால்வை அமுக்குற கை), கனெக்டிங் ராடு எல்லாம் பழசேதான். ஆயில் 20டபிள்யூ-50.

சத்தம் ரெண்டு.

ஒண்ணு, ஐடிலில் ராக்கர் கவர் பக்கம் டிக் டிக். சூடானாலும் குறையல. டேப்பட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி) 15 தவ் வச்சு ரெண்டு தடவை அட்ஜஸ்ட் பண்ணியாச்சு.

ரெண்டாவதுதான் பயமா இருக்கு. இன்ஜின் நல்லா சூடானதும் 1800-2200 ஆர்பிஎம்மில், ஆக்சிலரேட்டரை லேசா பிடிச்சிருக்கும்போது அடியிலிருந்து டொக் டொக். காலை எடுத்தா ஒரு நொடி தடதடன்னு வந்து நிக்குது. ஓசூர் போற வழியில மேலுமலை ஏத்தத்துல நல்லாவே கேக்குது. காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணா கிட்டத்தட்ட இல்லை.

ஆயில் பிரஷர்: குளிரில் 55, சூட்டில் ஓடும்போது 40, சூட்டில் ஐடிலில் 10-12 பவுண்டு.

மறுபடி முழுசா இறக்காம கண்டுபிடிக்க வழி இருக்கா?

டைமிங்லைட் (தர்மபுரி)

முதல்ல வண்டியை நிறுத்துங்க. டெஸ்ட் பண்ணணும்னு மேலுமலை, தொப்பூர் எதையும் ஏத்த வேண்டாம். நீங்க சொல்ற ரெண்டாவது சத்தம் பேரிங்கா இருந்தா, அடுத்த ஏத்தத்துல ஷெல் சுத்திக்கிட்டு கிராங்கையும் சேர்த்துக் கெடுக்கும். நின்ன இடத்திலேயே பாக்க நிறைய இருக்கு.

வெளிச் சாமான்களை முதல்ல கழிச்சுடுங்க. ஃபேன் பெல்ட்டைக் கழட்டி அரை நிமிஷம் மட்டும் ஓட விடுங்க. சத்தம் போச்சுன்னா வாட்டர் பம்ப் பேரிங், டைனமோ புஷ், புல்லி இதுல ஒண்ணு. கிராங்க் புல்லி நட் லூசா இருந்தாலும் அடியில டொக்னு அடிக்கும், அதனால பெல்ட் வெளியே இருக்கும்போதே புல்லியைக் கையால ஆட்டிப் பாருங்க (இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு!). அடுத்து ஐடிலில் ஃபியூயல் பம்பின் கை லீவரை அழுத்திப் பிடிங்க. டிக் சத்தம் மாறினா பம்ப் ஆர்ம் ஸ்பிரிங்தான் கத்துது. இது ரொம்பப் பேரை ராக்கர் கவரைக் கழட்ட வச்ச சத்தம்.

பிறகு கிளட்சை மிதிங்க. மிதிச்சதும் டொக் மாறினா ரெண்டு சந்தேகம்: ஃபிளைவீல் போல்ட், இல்லைன்னா கிராங்க் முன்னும் பின்னும் ஆடுறது. இந்த இன்ஜினில் த்ரஸ்ட் வாஷர் நடு மெயின் பேரிங்கில் இருக்கு. ஆட்டம் 2-3 தவ்தான் இருக்கலாம். டயல் கேஜை கிராங்க் மூக்கில் வச்சு, ஸ்குரூடிரைவரால் புல்லியை முன்னும் பின்னும் நெம்பினா தெரிஞ்சிடும். வாஷரின் ஆயில் பள்ளம் கிராங்க் பக்கம் பாக்கணும். திருப்பிப் போட்டா 300 கிமீ-க்குள்ள தின்னுடும்.

இப்போ டிக் டிக். டைமிங் லைட்டை 1-ம் பிளக் வயரில் மாட்டி, ஐடிலை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைங்க. லைட் கிராங்க் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை மின்னும், கேம்ஷாஃப்டும் அதே வேகம்தான். ஒரு மின்னலுக்கு ஒரு டிக்னு ஒத்துப்போனா வால்வு, ராக்கர், புஷ் ராடு, ஃபாலோயர், ஃபியூயல் பம்ப் பக்கம். ஒரு மின்னலுக்கு ரெண்டு அடின்னா கிராங்க் வேகம். ஒரு எச்சரிக்கை: பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் போர் சுவரில் தட்டுறது) ஃபயரிங் ஸ்ட்ரோக்கில் மட்டும் பலமா அடிக்கும், அதனால அதுவும் கேம் வேகம் மாதிரியே ஏமாத்தும்.

டொக் 2000-ல்தான் வருதுன்னா லைட் உதவாது. அந்த வேகத்துல நொடிக்குப் பதினாறு தடவைக்கு மேல மின்னும், எந்தக் காதாலும் எண்ண முடியாது. அதுக்கு பிளக் ஷார்ட் பண்ணுங்க (ஒரு சிலிண்டரின் தீப்பொறியை மட்டும் நிறுத்துறது). ஒருத்தர் 2000-ல் பிடிக்கட்டும். ரப்பர் பிடி போட்ட ஸ்குரூடிரைவரின் தண்டை முதல்ல ஹெட்டில் ஊன்றி, பிறகு முனையை பிளக் தலையில் சாய்ங்க. இந்த வரிசையை மாத்தினா கையில வாங்குவீங்க. ஒவ்வொரு சிலிண்டரா 1, 2, 3, 4 பாருங்க.

ஒரு சிலிண்டரில் சத்தம் பெரிய அளவு குறைஞ்சா அந்த பிக் எண்ட், இல்லைன்னா பிஸ்டன் ஸ்லாப். குறையாம ரெட்டையா, இன்னும் கூர்மையா மாறினா பிஸ்டன் பின். எந்தப் பிளக்கும் தனியா மாத்தலை, பக்கத்துப் பக்கத்துல ரெண்டை ஒண்ணா ஷார்ட் பண்ணாதான் குறையுதுன்னா நடுவில் உள்ள மெயின்.

கார்ப்_பிரியன் (சேலம்)

பேரிங்குன்னு ஏன் உடனே பயமுறுத்துறீங்க? ஹெட் சர்ஃபேஸ் பண்ணியிருக்கார், 40 தவ் போர் பண்ணியிருக்கார். 1489 இப்போ 1531 சிசி ஆயிருக்கும், கம்ப்ரஷனும் ஏறியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பழசு, உள்ள அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஏத்தத்துல கேக்குதுன்னா பிங்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாம வெடிக்கிற சத்தம்). டிஸ்ட்ரிபியூட்டரை 3-4 டிகிரி ரிடார்ட் பண்ணி (தீப்பொறியைத் தாமதப்படுத்தி) ஒரு தடவை ஏத்திப் பாருங்க.

பழைய_ஸ்பேனர் (ஓசூர்)

கார்ப்_பிரியன் அண்ணே, கம்ப்ரஷன் கணக்கு சரிதான், டிஸ்ட்ரிபியூட்டரையும் எப்படியும் பாத்தாகணும். ஆனா பிங்கிங் காலை அழுத்தும்போது வரும், எடுத்த உடனே போயிடும். சத்தமும் வேற: ஒரு டப்பாவுல கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி சலசலன்னு, மேல்பக்கமா கேக்கும். இவருக்குக் காலை எடுக்கும்போதுதான் தடதடன்னு வருது. பளு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுற நொடியில இடைவெளி இருக்கிற இடம் அடிக்குது. அது பேரிங்கின் குணம்.

ஸ்லாப்பும் இல்லைன்னு நினைக்கிறேன். ஸ்லாப் குளிரில் பலமா இருந்து சூட்டில் குறையும், இது நேர் எதிர். சந்தேகம் தீரணும்னா பிளக் ஓட்டையில் 10-15 மில்லி ஆயில் விட்டு, ரெண்டு சுத்து சுத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்லாப்பா இருந்தா அந்த ஆயில் எரியுற வரைக்கும் கொஞ்ச நேரம் அடங்கும். பேரிங்கா இருந்தா மசியாது.

டேப்பட் விஷயம். 15 தவ் வச்சும் டிக் போகலன்னு சொல்றீங்க. ராக்கர் பழசுன்னும் சொல்றீங்க. அங்கேதான் விடை இருக்கு. ராக்கரின் நுனி வால்வுத் தண்டு மேல உரசி உரசி, தண்டின் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கும். ஃபீலர் பட்டை (இடைவெளி அளக்கிற தகடு) தட்டையானது, குழிக்குள்ள இறங்காது, ரெண்டு கரை மேலயும் பாலம் மாதிரி படுத்துக்கும். குழி 6 தவ்னா நீங்க 15-னு வச்சது உண்மையில 21. எத்தனை தடவை அட்ஜஸ்ட் பண்ணாலும் அதே டிக்தான். விரல் நகத்தால நுனியைத் தடவிப் பாருங்க, கரை தட்டினா அதுதான்.

எந்த வால்வுன்னு தெரிய: ஐடிலில் ராக்கர் கவரை எடுத்துட்டு, ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலரைச் செருகுங்க. எதுல செருகும்போது டிக் நிக்குதோ அது. ஆயில் தெறிக்கும், நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போகாதீங்க.

அட்ஜஸ்ட் பண்ண 9 கணக்குதான் சுலபம். 8-ம் வால்வு முழுசா அமுங்கியிருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணுங்க, 6 அமுங்கும்போது 3, 4-க்கு 5, 7-க்கு 2. கூட்டினா 9 வரணும். சூடா வைக்கணுமா குளிரிலா என்பதை உங்க மேனுவல்படி வைங்க. எட்டையும் ஒரே நிலையில வைக்கிறது முக்கியம்.

குழி விழுந்த ராக்கரைக் கல்லில் பிடிச்சுச் சமம் பண்ணலாம்னு சொல்வாங்க. மேல் கடினத்தோல் மெல்லிசு, அது போயிட்டா சில ஆயிரம் கிமீ-ல் திரும்பக் குழி விழும். அளவா ஒரு இழை எடுத்து, வளைவு கெடாம செய்யத் தெரிஞ்சவர் இருந்தா சரி, இல்லைன்னா வேற ராக்கர் போடுங்க. கையோட ராக்கர் ஷாஃப்ட்டை உருவிப் பாருங்க. அடிப்பக்கம் படி விழுந்திருந்தா அதையும் மாத்தணும். ஷாஃப்ட்டை நிறுத்துற ஸ்குரூ சரியா இறங்கலைன்னா ஆயில் ஓட்டை ஸ்டாண்டு ஓட்டையோட ஒத்துப்போகாது, அப்புறம் எல்லா ராக்கரும் காய்ஞ்சு கத்தும்.

மேலுமலை_மார்க்2

ரொம்ப நன்றிங்க. நேத்து சாயந்தரம் எல்லாம் பாத்தேன்.

பெல்ட் இல்லாம: ரெண்டு சத்தமும் அப்படியே. ஃபியூயல் பம்ப் லீவர்: மாற்றமில்லை. கிளட்ச்: மாற்றமில்லை, கிராங்க் ஆட்டம் 3 தவ்.

டிக்: ஒரு மின்னலுக்கு ஒரு டிக். 7-ம் வால்வில் ஃபீலரைச் செருகினா நின்னுடுது. ராக்கர் நுனியில் நகம் தட்டுது, 2-லயும் லேசா இருக்கு.

டொக்: 3-ம் பிளக்கை ஷார்ட் பண்ணா முக்கால்வாசி போயிடுது, 1, 2, 4-ல் ஒண்ணும் மாறல. ஆயில் விட்டும் பாத்தேன், அடங்கல.

ஆயிலை வடிச்சு வெள்ளை வேட்டித் துணியில வடிகட்டினேன். வெயில்ல பிடிச்சா சின்னச் சின்னதா செம்பு நிறத்துல மினுக்குது. காந்தத்துல ஒட்டல.

திக்_ஆயில்

இவ்வளவு எதுக்கு? இன்னும் கெட்டியான ஆயில் ஊத்தி, கூட ஒரு டின் அடிட்டிவ் விட்டா சத்தம் நின்னுடும். பழைய வண்டிக்கு எல்லாரும் செய்றதுதான்.

லேத்மேசை (ஓசூர்)

சத்தம் நிக்கும், ஷெல் தேயுறது நிக்காது. செம்பு நிறம் தெரியுதுன்னா ஷெல்லின் மேல் பூச்சு போய் அடிப்படை வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம். இன்னும் கெட்டியா ஊத்தினா குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் பேரிங்குக்குப் போய்ச் சேரவே நேரமாகும்.

மேலுமலை நண்பரே, சம்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறக்குங்க. முழு இன்ஜினை இன்னும் தொட வேண்டாம்.

3-ம் பிக் எண்ட் கேப்பைக் கழட்டும் முன்னாடி ராடிலும் கேப்பிலும் நம்பர் குத்தியிருக்கான்னு பாருங்க. ரெண்டும் ஒரே நம்பரா, ஒரே பக்கமா இருக்கணும். கேப் வேற ராடுக்கு மாறியிருந்தா ஓட்டை வட்டமாவே இருக்காது. இந்த இன்ஜினில் 1-3-க்கு ஒரு வகை ராடு, 2-4-க்கு இன்னொரு வகை. நடுவிலிருந்து தள்ளி இருக்கும் பக்கம் வேற. அதையும் சரிபாருங்க.

கேப் கழன்றதும் முதல்ல ஷெல்லின் முதுகைப் பாருங்க. எல்லாரும் உள்பக்கத்தைத்தான் பாப்பாங்க. முதுகு ஒரே மாதிரி மங்கலா இருந்தா ராடு அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அங்கங்கே கண்ணாடி மாதிரி பளபளன்னு திட்டு இருந்தா ஷெல் ராடுக்குள்ள அசைஞ்சிருக்கு.

அடுத்து பிளாஸ்டிகேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய பிளாஸ்டிக் இழை). ஜர்னலையும் (ஷெல்லுக்குள்ள சுத்துற கிராங்க் பகுதி) ஷெல்லையும் ஆயில் இல்லாம துடைச்சு, இழையை ஜர்னலின் நீளவாக்கில் வச்சு, கேப்பை 35 பவுண்டு-அடி டார்க்கில் முறுக்குங்க. இடையில கிராங்க் ஒரு மயிரிழை கூடச் சுத்தக் கூடாது, சுத்தினா இழை பூசிக்கும், அளவு பொய். கழட்டி, நசுங்கின அகலத்தை உறைமேல உள்ள அளவோட ஒத்துப் பாருங்க. தோராயமா ஜர்னல் விட்டம் ஒரு அங்குலத்துக்கு 1 தவ்னு கணக்கு. இதுக்கு 2 தவ் பக்கம் வந்தா நிம்மதி, 3-ஐத் தாண்டினா சத்தம் வரும். ஒப்பிட 2-ம் நம்பரையும் அளந்துடுங்க.

கடைசியா மைக்ரோமீட்டர். கிராங்க் பின் (அதே ஜர்னல்தான்) புதுசில் 1.8760 அங்குலம் பக்கம், 20 தவ் எடுத்தா 1.8560 பக்கம் வரணும். முன் ஓரம், பின் ஓரம், ரெண்டிலும் நேரா ஒண்ணு, குறுக்கா ஒண்ணுன்னு நாலு அளவு எடுங்க. குற்றம் கிரைண்டிங்கிலா ராடிலான்னு இந்த நாலு நம்பர் சொல்லிடும்.

மேலுமலை_மார்க்2

அளந்தாச்சு.

2-ம் பிக் எண்ட்: 2 தவ். 3-ம் பிக் எண்ட்: 4.5 தவ்.

3-ம் கிராங்க் பின் நாலு அளவும் 1.8558-லிருந்து 1.8560-க்குள்ள. கோடு ஒண்ணும் இல்லை, லேசா மங்கல் மட்டும். நம்பர் ரெண்டிலும் 3-னு சரியா இருக்கு.

ஆனா ஷெல் முதுகு நீங்க சொன்ன மாதிரியேதான். மேல் ஷெல்லில் ரெண்டு இடத்துல, கட்டை விரல் நகம் அளவுக்கு, பளபளன்னு திட்டு. உள்பக்கம் நடுவில் செம்பு நிறம் வெளியே வந்திருக்கு. 2-ம் நம்பர் ஷெல்லின் முதுகு சுத்தமா மங்கல்.

லேத்மேசை (ஓசூர்)

கிராங்க் பிழைச்சது. குற்றம் ராடின் பெரிய ஓட்டையில. பழைய ராடு பல வருஷம் இழுபட்டு மேலும் கீழுமா நீண்டு முட்டை வடிவம் ஆயிருக்கு. புது ஷெல் போடும்போது இதை யாரும் அளக்கல. ஷெல்லின் ரெண்டு பாதியும் சேரும் இடத்துல அது ஓட்டையை விட ஒரு இழை தூக்கி நிக்கும், கேப்பை முறுக்கும்போது அந்த இழை அமுங்கித்தான் ஷெல் ராடோட ஒட்டிப் பிடிக்கும். ஓட்டை பெருத்துட்டா அந்தப் பிடி இல்லை. ஷெல் அசையும், வெப்பம் ராடுக்குக் கடக்காது, மேல் பூச்சு உரியும். சூட்டில்தான் சத்தம் வர்றதுக்கும் காரணம் இருக்கு: குளிரில் ஆயில் கெட்டியா அந்த இடைவெளியை நிரப்பிக்குது.

இனி ராடு வெளியே வந்தாகணும். இந்த இன்ஜினில் பிக் எண்ட் சாய்வாப் பிளந்திருக்கிறதே பிஸ்டனோட சேர்த்து போர் வழியா மேலே உருவத்தான், அதனால ஹெட் கழட்டணும், புது ஹெட் கேஸ்கட் வேணும். பட்டறையில ஷெல் இல்லாம கேப்பை 35-ல் முறுக்கி போர் கேஜால நேரா, குறுக்கா அளக்கச் சொல்லுங்க. நாலு ராடையும் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுதான் நீண்டிருக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. கேப் சேரும் முகத்தைச் சில தவ் கிரைண்ட் பண்ணி, ஓட்டையைத் திரும்ப ஒரிஜினல் அளவுக்கு ஹோன் பண்ணுவாங்க (கல்லால தேய்ச்சு அளவாக்குறது). 3-க்கு வேற ராடுதான் கிடைக்குதுன்னா 1-3 வகையா இருக்கணும், மத்ததோட எடையும் ஒத்துப்போகணும்.

ராடு வளைஞ்சிருக்கான்னும் ஜிக்கில் பாக்கச் சொல்லுங்க. பிஸ்டன் ஓரமா உரசின தடம் பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமா சாய்ஞ்சு தெரிஞ்சா ராடு வளைவுதான்.

டைமிங்லைட் (தர்மபுரி)

ராடு வெளியே இருக்கும்போது பிஸ்டன் பின் கிளாம்ப் போல்ட்டையும் பாத்துடுங்க. பின்னை ராடின் சின்ன முனைதான் இறுக்கிப் பிடிக்குது. போல்ட் பின்னின் நடுப் பள்ளத்துல உக்காரணும். உக்காராம முறுக்கினா பின் ஒரு பக்கம் நகர்ந்து போர் சுவரை உழுதுடும், 40 தவ் போரெல்லாம் வீண்.

சம்ப் திறந்திருக்கிறப்பவே ஆயில் பம்பைக் கழட்டி உள் கியர் ஆட்டம், பிக்கப் ஜல்லடை ரெண்டையும் பாருங்க. ஜல்லடையில கேஸ்கட் பசைத் துணுக்கு சிக்கியிருந்தா ஆச்சரியமில்லை, சூட்டில் ஐடிலில் 10-12 என்பது 3-ம் பேரிங் மட்டும் செஞ்ச வேலையான்னு எனக்குச் சந்தேகம். சரியான இன்ஜின் சூட்டில் ஐடிலில் 15 பக்கமும், ஓட்டத்துல 50 பக்கமும் காட்டணும். பிளாக் பக்கவாட்டுல உள்ள ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கையும் எடுத்துப் பாருங்க, வாஷர் அடுக்கிப் பிரஷரை ஏத்துற வேலை மட்டும் வேண்டாம்.

செயின் கவர் திறக்கிறதா இருந்தா டென்ஷனரைச் சரிபாருங்க. உள்ள பூட்டி வச்ச ஷூவை, வேலை முடிஞ்சதும் அடிப் பிளக்கைக் கழட்டி ஆலன் கீயால திருப்பி விடணும். விடலைன்னா புது செயினும் ஐடிலில் சளசளன்னு கவரில் உரசும். உங்களுக்கு அந்தச் சத்தம் இல்லைன்னா தொடாதீங்க.

மேலுமலை_மார்க்2

ராடு நாலும் அளந்தாச்சு. 3 நேரா 2.5 தவ் நீண்டிருக்கு, 1-ல் 1 தவ். நாலையுமே ஹோன் பண்ணக் குடுத்திருக்கேன். ஜல்லடையில பசை இருந்தது, கால் பங்கு அடைச்சிருந்தது. ராக்கர் ரெண்டு மாத்தியாச்சு.

ஒரு சந்தேகம். பட்டறை டார்க் ரென்ச்சில் கிலோ அளவுதான் இருக்கு. 35-ன்னா அதுல எவ்வளவு?

பழைய_ஸ்பேனர் (ஓசூர்)

நல்லவேளை கேட்டீங்க, 35-ஐ அப்படியே கிலோவுல வச்சு முறுக்கினா போல்ட் கையோட வந்துடும். கிலோகிராம்-மீட்டர் கணக்கு: பிக் எண்ட் 35 பவுண்டு-அடி = 4.8. மெயின் 70 = 9.7. ஹெட் நட் 50 = 6.9. ராக்கர் ஸ்டாண்டு 25 = 3.5. ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமா, மூணு தவணையில முறுக்குங்க.

மாட்டும்போது ஷெல் முதுகில் ஆயில் படக் கூடாது, உள்பக்கம் தாராளமா. ஒவ்வொரு கேப் முறுக்கினதும் கிராங்கைக் கையால ஒரு முழுச் சுத்து சுத்துங்க. எந்தக் கேப்புக்குப் பிறகு இறுகுதோ அங்கேயே நிறுத்திப் பாருங்க, நாலும் முடிச்சுட்டுத் தேடாதீங்க.

ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி நாலு பிளக்கையும் கழட்டிட்டு, கேஜில் பிரஷர் ஏறுற வரைக்கும் செல்ஃப் அடிங்க. பத்துப் பத்து நொடியா, இடையில செல்ஃப் மோட்டார் ஆறட்டும். பம்பைக் கழட்டி மாட்டினதால உள்ள ஆயில் நிரப்பி மாட்டுங்க, இல்லைன்னா காத்தை இழுத்துக்கிட்டே கிடக்கும். முதல் 100 கிமீ-ல் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க, அந்தச் செம்புப் பொடி எல்லாம் இன்னும் உள்வழிகளில்தான் இருக்கு. அதுக்காக கிராங்கின் ஆயில் ஓட்டைகளையும் இப்பவே டீசல் விட்டுக் காத்தடிச்சுடுங்க.

பிக் எண்ட் போல்ட்டின் லாக் தகட்டைப் பழசையே நிமித்திப் போடாதீங்க, எட்டும் புதுசு வாங்குங்க. ஒரு தடவை மடக்கினது ரெண்டாம் தடவை மடக்கும்போது மூலையில கீறல் விடும்.